மருமகன் செய்த கடல்

என் மருமகனுடைய வேலை தண்ணீர் செய்வது. கலியாணம் பேசி வந்த நாளில் தரகர் "கொழும்பில கொம்பியூட்டர் வேலை" என்று மட்டும்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் வங்கியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ இருக்கிறவர் என்றுதான் நினைப்பார்கள். மகள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்ச் சில மாதம் கழித்துத்தான் எனக்கு உண்மை விளங்கியது. டிவியில் ஒரு பெட்டியைப் பூட்டி, இரண்டு கையாலும் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டுகளை வெளிநாட்டுக்காரருக்குச் செய்துகொடுக்கிற கம்பனி அது. முழு விளையாட்டையும் ஒருவர் செய்வதில்லையாம். மரத்துக்கு ஒருவர், மனிதர் முகத்துக்கு ஒருவர், சண்டைக்கு வேறு ஒருவர். என் மருமகனுக்குத் தண்ணீர்.

வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு ஒருமுறை போயிருந்தேன். மகள் டிவியைப் போட்டுக் காட்டினாள். ஒரு கடல். பின்னேர வெயில் அதில் சரிந்து விழுந்து கிடந்தது. அலை வந்து கல்லில் அடித்து உடைந்தது. நுரை பின்வாங்கியபோது கல் நனைந்து கறுத்திருந்தது, பிறகு மெல்ல மெல்லக் காய்ந்தது. கல் காய்வதைக்கூட அவர் செய்திருந்தார். துறைமுகக் கரையில் பிறந்து வளர்ந்த என்னாலும் அதில் ஒரு பிழை பிடிக்க முடியவில்லை.

"இதுக்குள்ள மீன் இல்லையோ பிள்ளை?" என்று மகளிடம் கேட்டேன்.

அறைக்கு வெளியே நின்ற மருமகனுக்கு அது கேட்டுவிட்டது. "மீன் வேற ஆள்," என்றார்.

அவர் வெளியே நின்றதற்குக் காரணம் நான்தான். நான் மருமகனுக்கு முன்னால் இருந்து கதைப்பதில்லை. என் அம்மாவும் என் கணவருக்கு முன்னால் வந்ததில்லை, கதவு மறைவில் நின்றுதான் சொல்லவேண்டியதைச் சொல்வாள். அது முந்தைய காலத்துப் பழக்கம். என் தங்கச்சிமார் இப்போது மருமக்களோடு ஒரே மேசையில் இருந்து சிரித்துக் கதைக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் ஆசைதான். ஆனால் என்னால் ஏலாது, நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், படித்த மனிதருக்கு முன்னால் என்ன கதைப்பது என்ற கூச்சமும் அதோடு சேர்ந்துகொண்டது.

நாட்டில் சண்டை திரும்பவும் மூண்ட வருடம் அவர்கள் இரண்டு பேரும் திருகோணமலைக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கொழும்பில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பொலிஸ் பதிவு, அறைச் சோதனை என்று இருந்த காலம். மகளுக்கு வயிற்றில் பிள்ளை. அதே நேரத்தில் கம்பனிக்கு வந்துகொண்டிருந்த பெரிய விளையாட்டு வேலைகளும் நின்றுபோயின. இனிமேல் கைபோனில் விளையாடுகிற சின்ன விளையாட்டுகள்தான் செய்யப்போகிறோம் என்று கம்பனி சொல்லிவிட்டது. ஆளுக்கு ஒரு சின்ன விளையாட்டைத் தனியாகச் செய்து அனுப்பவேண்டும். பிடித்தால் வேலை தொடரும், வீட்டிலிருந்தே செய்யலாம். பிடிக்காவிட்டால் இல்லை.

மருமகன் இரண்டுக்கும் ஆயத்தமாகவே வந்திருந்தார். டவுனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டார். விளையாட்டு சரிவராவிட்டால் கட்டாரில், டோகாவில் ஒரு கடையில் வேலை. போனால் இரண்டு வருடத்துக்குத் திரும்ப முடியாது, பிள்ளை பிறக்கிற நேரம் அவர் இங்கே இருக்கமாட்டார். என் கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எந்த நேரம் ஊரடங்கு போடுவார்கள், எந்த ரோட்டை மறிப்பார்கள் என்று தெரியாத நாட்களில் ஆம்பிளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. வயிற்றுவலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். ஷெல் குண்டுச் சத்தம்கூட அதற்குப் பிறகுதான்.

டிவியில் பூட்டுகிற விளையாட்டுப் பெட்டியை அவர் கொழும்பிலேயே விட்டுவிட்டார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொரு வயரையும் எடுத்து இது என்ன என்று கேட்பார்கள், பதில் சொல்லி மாளாது. மடிக்கிற கொம்பியூட்டர் ஒன்றும் இரண்டு கைபோனும்தான் கொண்டுவந்தார். ஒன்று கதைக்கிறதுக்கு, மற்றது விளையாட்டுக்கு. ஊரில் சிக்னலை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், அப்போது கதைக்கிற போன் சும்மா கிடக்கும். விளையாட்டுப் போனுக்குச் சிக்னல் தேவையில்லை, அது எப்போதும் ஓடும்.

மகள் பக்கத்து முன்பள்ளியில் படிப்பிக்கப் போனாள். பகல் முழுக்க வீட்டில் நானும் மருமகனும்தான். நான் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து, பானை மூடியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் வந்து சாப்பிடுவார், சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை செருமுவார். பிறகு நான் போய்ச் சாப்பிட்ட கோப்பையை எடுப்பேன். இரண்டு பேருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அவர் செய்த விளையாட்டு, ஒரு வள்ளம் கரையில் உள்ள ஒரு மேடையடியிலிருந்து புறப்பட்டு மீன் பிடித்துக்கொண்டு போவது. கல்லும் கப்பலும் குறுக்கே வரும், அவற்றில் முட்டாமல் போகவேண்டும். செய்யத் தொடங்கிச் சில கிழமைகள் போயும் வள்ளமும் இல்லை, மீனும் இல்லை. அவர் தண்ணீரைத்தான் செய்துகொண்டிருந்தார். தீப்பெட்டி அளவு கண்ணாடிக்குள் அலை எழும்பவேண்டும், நுரை வரவேண்டும், வெயில் மினுங்கவேண்டும். அதைத் தாங்கமாட்டாமல் போன் விறைத்து நின்றுவிடும். பின்மூடியைக் கழற்றி பற்றரியை எடுத்துத் திரும்பப் போட்டால்தான் அதற்கு உயிர் வரும்.

ஒரு பின்னேரம் விறாந்தையில் மகளும் அவரும் கொளுவிக்கொண்டது குசினிக்குக் கேட்டது.

"இந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள ஆர் தண்ணியைப் பார்க்கப் போறான்? மீனைத்தான் பார்ப்பான்," என்றாள் மகள்.

"தண்ணி அசையாட்டி அது கடலில்லை. நீல பெயின்ற் அடிச்ச சுவர்."

"சுவரெண்டாலும் ஓடுற சுவரா இருக்கட்டும். உங்கட கடல் போனையே தாட்டுப்போட்டுது."

எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்தால் வீடுகளுக்கு நடுவே உட்துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். நேவிப் படகுகள் போய்வரும். மீன்பிடிக்கிறவர்கள் குறித்த தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது, இருட்டுப்பட முன்னம் கரைக்கு வந்துவிடவேண்டும். அந்தத் துண்டுத் தண்ணீரையே மருமகன் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு முடித்த நாளிலிருந்து ஒரு மனிதன் ஒரே ஒரு காரியத்தைத் திறமாகச் செய்து வந்திருக்கிறான். இப்போது அந்தக் காரியம் வேண்டாம், மற்றதெல்லாம் செய் என்றால் கை எப்படி வரும்? எனக்கு அவரைக் கண்டு மனவருத்தமாக இருந்தது. அதைப் போய்ச் சொல்ல எனக்குத்தான் வாய் இல்லையே.

கடைசியில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வள்ளத்தையும் மீனையும் உள்ளே விட்டார். வள்ளம் ஊர்ந்து ஊர்ந்து போனது. அதன் பிறகுதான் மகள் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் விளையாடிப் பாருங்கோ."

"எனக்கென்ன விசரோ, இந்த வயசில விளையாடுறதுக்கு?"

"நான் விளையாடினா எல்லாம் தெரிஞ்செல்லோ விளையாடுறன். ஒண்டும் தெரியாத ஆள் வேணுமாம்."

"ஊரில ஒண்டும் தெரியாத ஆள் நான்தான் எண்டு சொன்னவரோ?"

"அவர் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் போனும் இருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு விறாந்தைக்குப் போனதும் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வருவேன். ஆறாம் பொத்தானை அமத்தினால் வள்ளம் முன்னுக்குப் போகும், நாலை அமத்தினால் பின்னுக்கு வரும், ஐந்துக்கு வலை விழும். முதல் நாட்களில் எத்தனை வள்ளத்தைக் கல்லில் உடைத்தேன் என்று தெரியாது. பிறகு பழகிவிட்டது. வலையைப் போட்டுவிட்டு விரலை எடுத்து, மீன் வருமட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் கறி கொதிக்கும், வெளியே காகம் கத்தும், நான் கடலில் நிற்பேன். அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

வள்ளம் எங்கெங்கே போனது என்பது போனுக்குள்ளேயே பதிந்துவிடுமாம், அது எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து இராச்சாப்பாட்டு நேரம் மருமகன் விறாந்தையில் இருக்க, நான் குசினியில் இருக்க, மகள் இரண்டுக்கும் நடுவே கதவடியில் வந்து நின்றாள்.

"அம்மா, இவர் கேட்கிறார், கொஞ்சத் தூரம் போனவுடன நீங்க ஏன் திரும்பிக் கரைக்கு வாறீங்கள் எண்டு. ஒவ்வொரு தரமும் வந்திருக்கிறீங்களாம்."

"இருட்டினாப் பிறகும் கடலில நிக்கச் சொல்லுறாரோ? நேவி பிடிச்சா ஆர் போய்ப் பதில் சொல்லுறது?"

"எங்கயம்மா இருட்டுது?"

"உந்தப் போனுக்குள்ளதான். வேற எங்க?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பொத்தானை அமத்தாமல் விட்டால் பற்றரியை மிச்சம் பிடிக்கப் போன் தன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வலையைப் போட்டுவிட்டுக் காத்துநிற்பேன், கடல் இருண்டுவரும். இரவாகிவிட்டது, இனி நிற்கக்கூடாது என்று வள்ளத்தைத் திருப்புவேன். திருப்பப் பொத்தானை அமத்தியவுடன் வெளிச்சம் வந்துவிடும். சொன்னபடி கேட்டு நடக்கிறவர்களுக்கு வெளிச்சம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கரைவரைக்கும் கொண்டுபோய் விடுவேன்.

"உங்கட மாமி நேவிக்குப் பயந்து வள்ளத்தைத் திருப்பியிருக்கிறா," என்று மகள் விறாந்தைப் பக்கம் திரும்பிச் சொன்னாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நாள் போனைத் தொடவில்லை, அதற்கடுத்த நாளும் தொடவில்லை. அவர் அதை மேசையில் வைப்பார். கோப்பையை எடுக்கும்போது சோற்றுக்குப் பக்கத்தில் அதுவும் தொடாத ஒரு கறி மாதிரி அப்படியே கிடக்கும்.

பிறகு ஒரு நாள் காலை அக்கரைப் பக்கத்திலிருந்து ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்கள், யன்னல் கண்ணாடி அதிர்ந்தபடி இருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் நிழல் விழுந்தது. மருமகன் எனக்கு முதுகைக் காட்டி, கதவு நிலையைப் பார்த்தபடி நின்றார். அவரும் கூச்சக்காரர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாமி, இருட்டின கதையை விடுங்கோ. நல்ல வெளிச்சமா இருக்கேக்கையும் நீங்க கரைக்கு வந்திருக்கிறீங்கள். வந்து அந்த மேடைக்குப் பின்னால நிண்டிருக்கிறீங்கள். ஏன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நான் தேங்காய்க்குப் பதில் சொன்னேன். "சோறு பொங்கும். படலையில ஆரும் கூப்பிடுவினம். எழும்பத்தானே வேணும்."

"அப்பிடியே வைச்சிட்டு எழும்பலாமே?"

"நடுக்கடலில விட்டிட்டோ? திரும்பி வரேக்க வள்ளம் இருக்குமோ?"

"இருக்காது. கல்லில அடிபட்டிருக்கும்."

"அந்த மேடைக்குப் பின்னால கல்லும் வாறேல்லை, கப்பலும் வாறேல்லை. அதுதான்."

அந்த இடத்தை அவர் வேண்டுமென்று செய்யவில்லையாம். கரையைக் கீறும்போது தற்செயலாக அமைந்த ஒரு மூலை. அங்கே நிறுத்தினாலும் போனை அணைத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும், முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். நான் நாளுக்கு எத்தனையோ தடவை முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். விளையாட்டு என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"டிவி விளையாட்டில ஆரும் எழும்ப மாட்டினம் மாமி," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "இருந்தா விடியுமட்டும் இருப்பினம். நான் அந்த ஆக்களை நினைச்சுத்தான் இதையும் செய்திருக்கிறன்."

"அப்ப சாப்பாடு?"

"சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து குடுப்பினம்."

"ஆர்?"

"தாய்மார்தான்."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்க வாசலில் ஆள் இல்லை.

அதன்பிறகு அவருக்கு ஒரு புதுத் தலையிடி வந்தது. அந்த மேடையை ஒரு உண்மையான துறையாகச் செய்யவேண்டும். வள்ளத்தை அங்கே கட்டிவிட்டால், போனை அணைத்தாலும், நாலு நாள் கழித்து எடுத்தாலும், பிடித்த மீனோடு அது அங்கேயே நிற்கவேண்டும். பயணங்களையும் கட்டையாக்கவேண்டும், சோறு பொங்குகிற நேரத்துக்குள் ஒருமுறை போய்த் திரும்பிவரக்கூடியதாக. ஆனால் அந்தப் போனுக்குள் இடம் மட்டுமட்டு. சின்னப் பானையில் ஓர் அளவுக்கு மேல் அரிசி போட முடியாதே, அந்த மாதிரி என்று மகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். துறையை வைப்பதென்றால் எதையாவது வெளியே எடுக்கவேண்டும். வள்ளத்தை எடுக்க முடியாது, மீனை எடுக்க முடியாது.

இரண்டு மூன்று நாள் அவர் கொம்பியூட்டரைத் திறக்கவே இல்லை. நான் மூடியைத் தட்டுவேன், வந்து பாதி சாப்பிடுவார், போவார். ஏஜென்டிடமிருந்தும் ஆள் வந்து போனது, டோகாவில் கேட்கிறார்கள், முடிவு சொல்லவேண்டும் என்று. மகள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, குசினியில் என் பக்கத்தில் வந்து சும்மா இருப்பாள். அவள் வயிறு அப்போது நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

ஒரு காலை விறாந்தையில் அவர் சொன்னது கேட்டது. "தண்ணியைக் கழட்டப்போறன்."

"முழுக்கவோ?" என்றாள் மகள்.

"முழுக்க."

முதலில் வெயிலின் மினுக்கம் போனது, பிறகு நுரை, பிறகு அலை. அன்றைக்கும் அடுத்த நாளும் மத்தியானச் சாப்பாட்டோடு மேசைக்கு வந்த போனில் நான் அதைப் பார்த்தேன். கடைசியில் ஒரு நீலம் மட்டும் மிஞ்சியது. மேலேயிருந்து கீழே ஒரே நீலம். அதில் வள்ளம் கத்தி மாதிரி ஓடியது. மீன் தூரத்தில் வரும்போதே தெரிந்தது. வலை போட்டு, பிடித்து, துறையில் கட்டி, போனை அணைத்து, கறியை இறக்கிவிட்டு வந்து திறந்தேன். வள்ளம் விட்ட இடத்தில் நின்றது. விளையாட்டு முன்னையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கவலை. மோசமாக இருந்திருந்தால் அவருடைய தண்ணீருக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். எடுத்ததால் நன்றாகிவிட்ட ஒன்றை அவர் எப்படித் தாங்குவார்?

ஊரடங்கு எடுத்திருந்த ஒரு நாள் டவுனில் இன்டர்நெட் உள்ள கொமினிகேஷன் கடைக்குச் சைக்கிளில் போய் அனுப்பிவிட்டு வந்தார். பிறகு பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிக்னல் இல்லை. கடை திறந்திருக்கும் நாளில் ரோட்டு மறியல், ரோடு திறந்த நாளில் கடை பூட்டு. மகள் இராவில் நித்திரை கொள்வதில்லை. நான் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன், விளையாட்டுக்கு நேர்த்தி வைத்தது ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பதில் வந்த அன்று அவர் படலையைத் திறந்துகொண்டு வந்த விதத்திலேயே மகளுக்கு விளங்கிவிட்டது.

"எடுத்துப்போட்டாங்கள்," என்றார். "அடுத்த வேலையும் தந்திருக்கிறாங்கள். இஞ்சயிருந்தே செய்யலாமாம்." சைக்கிளைச் சாத்திவிட்டு விறாந்தைப் படியில் இருந்து சிரித்தார். "துறை நல்லாயிருக்காம். இன்னொண்டும் எழுதியிருக்கிறாங்கள். தண்ணி நல்ல தெளிவா இருக்காம். இதுவரைக்கும் என்ர தண்ணியை ஆரும் அப்பிடிச் சொன்னதில்லை."

மகளும் சிரித்தாள், பிறகு அழுதாள். நான் கதவுக்கு உட்புறம் நின்றேன். என்ன நினைத்தேனோ, அங்கிருந்தபடியே கேட்டுவிட்டேன்.

"தம்பி, அந்தப் பெரிய கடலை விட்டது உங்களுக்கு வருத்தமில்லையோ?"

அது என் குரல்தானா என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"வருத்தம்தான் மாமி," என்றார். "ஆனா அந்தக் கடலில ஆர் வள்ளம் விட்டது, எந்தக் கரையில கட்டினது எண்டு எனக்கு ஒருநாளும் தெரியாது. விளையாடின ஒருத்தரையும் நான் கண்டதில்லை." கொஞ்சம் பொறுத்து, "வருத்தம்தான்," என்று திரும்பவும் சொன்னார்.

பிறகு எத்தனையோ சின்ன விளையாட்டுகள் செய்தார். பழம் அடுக்குவது, பந்து உருட்டுவது. சோதனைக்காகப் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விடுகிற இடங்களில் இளம் பிள்ளைகள் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணும்போது, அது அவருடையதாக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பேன். கேட்க வெட்கம். தண்ணீர் வருகிற விளையாட்டு எதையும் அவர் பிறகு செய்ததாகத் தெரியவில்லை. செய்யக் கிடைக்கவில்லையா, கேட்டும் மறுத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு காரியத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் சொந்த விருப்பத்தோடு போவதாகத்தான் வெளியே தெரிகிறது. போகிற வழியில் எதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிறார்கள்.

பதில் வந்த மறுநாள் காலையே அவர் ஏஜென்டிடம் போனார். மகள் முன்பள்ளியில். வெயில் ஏறின பிறகு திரும்பி வந்தவர் விறாந்தையில் நிற்காமல் நேரே குசினி வாசலுக்கு வந்தார். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. கையில் பாஸ்போட் இருந்தது.

"மாமி, இதை உங்கட அலுமாரியில வையுங்கோ. என்ர கையில இருந்தா எங்கயாவது துலைச்சுப்போடுவன்."

நான் கையைச் சேலையில் துடைத்தேன். வாங்குவதற்குக் கை கொஞ்சம் நீண்டது, பிறகு நின்றுவிட்டது.

"மேசையில வையுங்கோ தம்பி," என்றேன். "நான் எடுக்கிறன்."

அவர் போய் மேசையில் வைத்தார். ஒருமுறை செருமினார். நான் போய் எடுத்து, சேலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன்.